முன்பாத வலியும் மெத்தைச் செருப்பும்

சென்ற கோடையில் ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலை ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நண்பகல் நேரம். வேலையாட்கள் புளியமர நிழலில் அமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மண்வெட்டிக் காம்பின் முனையால் தம் கால் விரல்களின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருந்தார். என்னவென்று விசாரித்தோம். “நடக்கும்போது கூழாங்கல்லை மிதித்தாற்போல் இருக்கிறது ஐயா. செருப்பை உதறிப் பார்த்தால் கல் ஒன்றும் இல்லை” என்றார். பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். தமக்கு அப்படிப்பட்ட தொல்லை எதுவும் கிடையாது என்றும், முள்ளில் நடந்தாலும் கால் வலிப்பதில்லை என்றும் சற்றுப் பெருமையுடனேயே கூறினார். அவருடைய காலைத் திருப்பிக் காட்டச் சொன்னோம். பெருவிரலின் அடியில் காலணா அகலத்திற்கு ஒரு புண் இருந்தது. அது எப்போது வந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய் உடையவர் அவர்.

இவ்விருவருடைய கால்களைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுகின்றோம். அம்மையாருக்கு வேண்டியது ஒரு சிறு மெத்தை. பெரியவருக்கு வேண்டியதும் மெத்தைதான். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஒருவருக்கு உரியதை மற்றவருக்குக் கொடுத்தால் கேடு விளையும்.

நமது பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் விரல்களுக்குப் பின்னால் விசிறி போல் விரிந்து கிடக்கும் ஐந்து நீண்ட எலும்புகளின் உருண்டையான முனைகள் உள்ளங்காலின் முன்பக்கத்து மேட்டில் வரிசையாக அமைந்துள்ளன. இந்த மேட்டையே முன்பாதம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகின்றோம். நாம் அடியெடுத்து வைக்கையில் குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது. பின்பு குதிகால் எழும்பும் கணத்தில் உடலின் பாரம் முழுவதும், நடையின் உந்துதலால் சற்றுக் கூடுதலாகவும், ஒரே காலின் முன்பாதத்தில் வந்து தங்குகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ மண்ணைத் தலையில் சுமந்து செல்வாரானால், ஒவ்வோர் அடியிலும் 70 கிலோவுக்குக் குறையாத பாரத்தை அந்தச் சிறு மேடு தாங்க வேண்டும். நாளொன்றுக்கு ஆறாயிரம் அடிகள் நடப்பவருடைய ஒவ்வொரு முன்பாதமும் மூவாயிரம் தடவை இவ்வாறு தாங்குகிறது.

இதற்காகவே எலும்பு முனைகளுக்கும் தோலுக்கும் இடையில் கொழுப்பாலான ஓர் இயற்கை மெத்தை வைக்கப்பட்டிருக்கிறது. வயது ஏற ஏற இம்மெத்தை மெலிகிறது. விரல்கள் மேல்நோக்கி வளைந்துவிட்டவர்களுக்கு அது முன்பக்கமாக நழுவியும் போய்விடுகிறது. அப்போது எலும்பு முனை தோலை நேராகவே அழுத்தத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் விரல்களின் அடியில்தான் பெரும்பாலும் வலி தோன்றும். தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தடித்துக் காய்த்துப்போகும். அதன் நடுவில் உளுத்தம்பருப்பைப் போன்ற கடினமான கரு ஒன்று அமையுமானால் அதனைக் கால் ஆணி என்கின்றோம். கால் ஆணியைப் பிளேடால் அறுத்து எடுப்போர் பலர். சில வாரங்களில் அது மீண்டும் முளைத்துவிடுவதைக் கண்டு, வேர் உள்ளே தங்கிவிட்டது என்பர். கால் ஆணிக்கு வேர் கிடையாது. அழுத்தம் நீங்காதவரையில் தோல் மறுபடியும் தடித்துக்கொண்டேயிருக்கும், அவ்வளவுதான்.

நாட்டுப்புறத்தில் இவ்வலி மிகுந்துவருவதற்கு வேறு சில காரணங்களும் உண்டு. முன்பு சாணம் மெழுகிய மண்தரையில் புழங்கியவர்கள் இப்போது சிமெண்டுத் தரையிலும் ஓட்டுத் தரையிலும் நாள் முழுவதும் வெறுங்காலுடன் நிற்கின்றனர். வீட்டிற்குள் செருப்பணிவது நம் வழக்கமன்று. தெருக்களும் சிமெண்டுச் சாலைகளாகிவிட்டன. அச்சாலைகளைப் போட்டவர்களில் நாமும் ஒருவர் என்பதால் அதைக் குறை கூறுவதற்கில்லை. மேலும், மலிவான ரப்பர்ச் செருப்பு ஓராண்டு உழைப்பில் முன்பாதத்தின் கீழ் தாளைப்போல் தேய்ந்துவிடுகிறது. குதிகால் உயர்ந்த செருப்பும் பூட்ஸும் பாரத்தை முன்னுக்குத் தள்ளுகின்றன. கெண்டைக்கால் தசை இறுகியிருந்தாலும் இதே விளைவுதான். அத்தகையோர் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்தவாறு அரை நிமிஷம் நிற்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்துவரலாம்.

இனி மெத்தைக்கு வருவோம். இதில் நமக்கு நேர்ந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. கிராமம் கிராமமாகச் சுற்றும் உத்தியோகத்தில், கடினமான அடித்தோல் வைத்த பூட்ஸைப் பல ஆண்டுகள் அணிந்தமையால் நமக்கும் வலக்காலில் இவ்வலி வந்தது. நகரத்துக் கடை ஒன்றில் வழவழப்பான ஜெல் மெத்தை வாங்கி, வலிக்கும் இடத்திற்கு நேர் கீழாக ஒட்டிக்கொண்டோம். ஒரு வாரத்தில் வலி இருமடங்காயிற்று. பஸ் நிலையத்து வாயிலில் அமர்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளி ஒருவர் பூட்ஸைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “புண்ணுக்குக் கீழே கல்லை வைத்துக் கட்டினாற்போல் வைத்திருக்கிறீர்களே சார்!” என்றார். மெத்தையைப் பெயர்த்துச் சிறிது பின்னுக்கு, குதிகாலை நோக்கி நகர்த்தி ஒட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வலி குறைந்தது. ஒரு பட்டதாரிக்கு விளங்காதது அவருக்கு விளங்கியிருந்தது.

இதன் தத்துவம் எளிது. முன்பாதத்திற்கென விற்கப்படும் மேடான மெத்தை, அதாவது நீர்த்துளி வடிவில் நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரியும் சிறு திண்டு, வலிக்கும் எலும்பு முனையைத் தாங்குவதற்காக ஏற்பட்டதன்று. அது அந்த முனைக்குச் சற்றுப் பின்னால், எலும்பின் தண்டை ஏந்தித் தூக்க வேண்டும். அப்போது முனையின் மீது விழும் பாரத்தில் ஒரு பகுதியைத் தண்டு ஏற்றுக்கொள்ளும். ஏற்றம் இறைக்கும் மரத்தை நடுவில் தாங்குகோல் ஏந்துவதுபோல் என்று கொள்ளலாம். முனைக்கு நேர் கீழே திண்டை வைத்தால், ஏற்கெனவே அதிகப் பாரம் தாங்கும் இடத்திற்கு இன்னும் பாரத்தைச் சேர்த்தவர்களாவோம்.

சரியான இடத்தைக் கண்டறியக் குங்குமம் போதும். வலிக்கும் புள்ளியை விரலால் அழுத்தி அறிந்து, அங்கே ஈரக் குங்குமத்தைத் தடவிச் செருப்பில் காலை வைத்து நன்றாக ஊன்ற வேண்டும். காலை எடுத்தால் செருப்பில் குறி பதிந்திருக்கும். அக்குறிக்குப் பின்னால், குதிகால் பக்கமாக, திண்டின் முன்விளிம்பு குறியைத் தொட்டும் தொடாததுமாக அமையுமாறு ஒட்டுக. முதலில் மெல்லிய பசையாலோ ஒட்டு நாடாவாலோ தற்காலிகமாகப் பொருத்தி, இரண்டு நாள் நடந்து பார்த்து, நெல் நீளம் முன்னும் பின்னும் நகர்த்திச் சுகமான இடத்தைக் கண்டபின் நிலையாக ஒட்டுவதே முறை. உயரம் அதிகமானால் நன்மை அதிகம் என்று எண்ணிவிடலாகாது. மிக மெல்லியதில் தொடங்குக. திண்டு இருப்பதை முதல் நாளில் கால் உணரும். சில நாட்களில் மறந்துவிட வேண்டும். மறக்கவில்லையெனில் இடமோ உயரமோ தவறு.

திண்டு வைப்பதற்கு முன்பு, அல்லது அதற்குப் பதிலாகவே, பாதம் முழுவதற்குமான தட்டையான உள்மெத்தை ஒன்றை இட்டுப் பார்க்கலாம். கடைகளில் இன்சோல் என்று கேட்டால் தருவர். இதன் வேலை, ஓரிடத்தில் குவியும் அழுத்தத்தைப் பரந்த இடத்தில் பகிர்ந்துவிடுவது. சேற்றில் பலகையைப் போட்டு நடந்தால் கால் புதையாதிருப்பதும் இதே காரணத்தால்தான். மெத்தை இடுவதற்குச் செருப்பில் இடம் இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இறுக்கமான பூட்ஸில் மெத்தையைத் திணித்தால் விரல்கள் நெருக்குண்டு நரம்புகள் நசுங்கும். எனவே செருப்போ பூட்ஸோ வாங்குவதானால், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், மெத்தையையும் கையில் கொண்டுபோய், உள்ளே இட்டு அணிந்து பார்த்தே வாங்குக. நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அடிப்பாகம் துணியைப்போல் மடங்கக் கூடாது. மடங்கும் செருப்பு முன்பாதத்தையும் தன்னோடு மடக்கும்.

நடவு வயலில் செருப்பணிந்து இறங்க முடியாது என்று விவசாய அன்பர்கள் கூறுவர். உண்மையே. ஆயினும் சேறு மென்மையானது; அதில் முன்பாதம் துன்புறுவது குறைவு. வயலுக்குப் போகும் சரளைப் பாதையும், களத்து மேடும், வீட்டுச் சிமெண்டுத் தரையும்தாம் துன்பம் தருபவை. வீட்டிற்கென்று தனியே ஒரு சோடி மெத்தைச் செருப்பை வைத்துக்கொள்வதில் ஆசாரக் குறைவு ஏதும் இல்லையென்பது நம் அபிப்பிராயம். நாள் முழுவதும் அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்கு இதனை முதலில் வாங்கித் தருக.

மெத்தை இட்டும் மூன்று நான்கு வாரங்களில் வலி தணியவில்லையெனினும், காலில் வீக்கமோ சிவப்போ கண்டாலும், விரல்கள் மரத்துப் போனாலும் எரிந்தாலும், பெருநடைக்குப் பின் திடீரென ஓரிடத்தில் கடுமையாக வலித்தாலும், காலையில் பல மூட்டுகள் சேர்ந்து இறுகினாலும் ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரிடம் காட்ட வேண்டும். எலும்பு விரிசல், நரம்புத் தடிப்பு, வாதநோய் ஆகியவை மெத்தையால் தீர்வன அல்ல.

இனி அந்தப் பெரியவரின் காலுக்கு வருவோம். அவருக்கு வலிக்காதது அவருடைய பலத்தினால் அன்று. சர்க்கரை நோய் கால் நரம்புகளை மழுங்கச் செய்துவிட்டபடியால் வலி அவரை எட்டவில்லை. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், கிராமப்புறத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேருக்கு அது உள்ளதாகவும் கூறுகிறது. ஆகவே இது பட்டணத்து நோய் என்று ஒதுக்குவதற்கில்லை.

வலியற்ற காலின் இரகசியம் நம் மாநிலத்திலேயே ஆராய்ந்து தெளியப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவது நல்லது. கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளரின் பாதத்துப் புண்கள் நோயினால் தசை தானே அழுகி உண்டாவன என்று அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. அவர் நோயாளரின் கால்களை நாள்தோறும் கவனித்துவந்தார். உணர்ச்சியற்ற காலின் ஒரே இடம் ஆயிரக்கணக்கான அடிகளில் மீண்டும் மீண்டும் அழுத்தப்படுவதே புண்ணுக்குக் காரணம் என்றும், அழுத்தத்தை நீக்கி ஓய்வு கொடுத்தால் அப்புண் மற்றவர்களுடைய புண்ணைப் போலவே ஆறும் என்றும் கண்டார். நமக்குக் கால் வலித்தால் நம்மை அறியாமலேயே நடையை மாற்றிக்கொள்கிறோம், சற்று நொண்டுகிறோம். உணர்ச்சியற்றவர் நொண்டுவதில்லை. நொண்டாமையே அவருடைய காலைக் கெடுக்கிறது. இதனைத் தடுக்க, காற்று நிரம்பிய நுண்ணிய அறைகள் கொண்ட மிருதுவான ரப்பரை உள்மெத்தையாக இட்ட செருப்புகள் உருவாக்கப்பட்டன. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் நிறுவப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இப்பணியில் பெரும் பங்கு கொண்டது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று வழங்குவது இதுவே. தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதமுடையோர்க்கு அரசின் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழியாக இது இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. சர்க்கரை நோயாளரின் மரத்த காலுக்கும் இதே வகைச் செருப்புப் பொருந்தும்.

காலில் உணர்ச்சி உள்ளதா என்று அறிவதற்குக் கருவி தேவையில்லை. இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்து வைத்தியர்கள் வகுத்த முறை ஒன்று உண்டு. கிராமத்தில் எவரும் செய்யலாம். சோதிக்கப்படுபவர் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர் தம் ஆட்காட்டி விரலின் நுனியால், இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி இலேசாகத் தொட வேண்டும். அழுத்தவோ, தட்டவோ, வருடவோ கூடாது. தொட்டதும் வலக்காலா இடக்காலா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தொடுதலை அறியவில்லையெனில், அவருடைய கால் ஆபத்தான நிலையில் உள்ளதெனக் கொண்டு வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். அறியாத விரலை மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்த்து ஊக்குவிப்பது தவறு. ஏரிக்கரையில் அந்தப் பெரியவர் ஆறில் ஒன்றையே உணர்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தகையோர் கடையில் விற்கும் திண்டைத் தாமே ஒட்டிக்கொள்ளவே கூடாது. இடம் தவறி அது புண்ணாக்கினாலும் அவர்களுக்குத் தெரியாது. கால் ஆணிக்கென விற்கும் மருந்துப் பட்டையும் தோலை அரித்துவிடும். பிளேடோ இதனினும் கொடிது. அவர்களுக்கு உரிய செருப்பில் அடிப்பாகம் முள் ஏறாத அளவுக்கு உறுதியாகவும், உள்மெத்தை மிருதுவாகவும் இருக்க வேண்டும். குதிகாலின் பின்னால் வார் வேண்டும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் செல்லும் வார் ஆகாது. ஆணி ஒன்றுகூட அடிக்கலாகாது, தையலும் பசையுமே போதும். புதுச் செருப்பை முதல் நாளில் இரண்டு மணி நேரம் மட்டுமே அணிந்து, கழற்றிக் காலைப் பார்க்க வேண்டும். அணியுமுன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுப் பார்ப்பதும், இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். வலியின்றிக் கால் சூடாகவும் வீங்கியும் காணப்பட்டால் மறுநாள் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்க. உள்ளே எலும்பு சிதைந்துகொண்டிருக்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கது இங்கே நிறைய உண்டு. சர்க்கரை நோயாளரின் வீடு தேடி மாத்திரை கொடுப்பதற்காக 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மாத்திரை பெறும் அதே வாசலில் இந்த விரல் சோதனையையும் நடத்துமாறு சுகாதார நிலையத்தாரைக் கேட்டுக்கொள்ளலாம். வேலையிடங்களில் இடைவேளையின்போது கால்களைப் பார்த்துவிட ஒரு நாளை ஒதுக்கலாம். வட்டாரத்துச் செருப்புத் தொழிலாளி ஒருவரை, எம்.சி.ஆர். செருப்புத் தைக்கும் மருத்துவ நிலையம் ஒன்றிற்கு அனுப்பி வேலையைப் பார்த்துவரச் செய்யலாம். அவருக்குக் கைத்தொழில் தெரியும். நாம் சொல்லித்தர வேண்டியது நோயைப் பற்றி மட்டுமே.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கிராமங்கள் சிலவற்றில் ஒரு சாரார் மற்றவர் தெருவில் செருப்பணிந்து நடக்கலாகாது என்றும், கையில் எடுத்துச் செல்ல வேண்டும் என்றும் நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. அதன் நிழல் இன்னும் முற்றிலும் அகலவில்லை. ஆதிதிராவிட, பழங்குடி மக்கள் பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பது வன்கொடுமைக் குற்றம் என 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மரத்துப்போன காலுடைய ஒருவர் ஒரு தெருவின் தொடக்கத்தில் செருப்பைக் கழற்றி, கோடை வெயிலில் காய்ந்த சிமெண்டில் அத்தெருவின் நீளத்தை நடந்து முடிப்பாரானால், வீடு சேர்ந்தபின் காலில் கொப்புளத்தைக் காண்பார். அத்தகைய தெரு தம் ஊரில் இருக்குமானால், பஞ்சாயத்தார் மெத்தையைப் பற்றிப் பேசுமுன் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசியாக, மெத்தையின் ஆயுளைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல ரப்பர் மெத்தையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அமுக்கினால் ஏறத்தாழப் பாதிக் கனத்திற்கு அமுங்கி, விட்டவுடன் மேலெழும்ப வேண்டும். வாங்கும்போது இதைச் சோதிக்க. அமுங்காதது கடினம், அமுங்கி எழாதது வெறும் கடற்பஞ்சு. தினமும் உழைக்கும் மெத்தை சில மாதங்களில் முன்பாதத்தின் கீழ் சப்பையாகிவிடும். மேலே பார்ப்பதற்குப் புதிது போலவே இருக்கும். ஆகையால் மாதத்திற்கு ஒருமுறை முன்பாதம் படும் இடத்தையும் ஓரத்தையும் மாறி மாறி அமுக்கிப் பார்த்து, முன்னது எழாமற்போன அன்றே மெத்தையை மாற்றிவிட வேண்டும். ஈரமானால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துக. அம்மையாருக்கு இவ்வளவையும் சொல்லி, திண்டு ஒட்ட வேண்டிய இடத்தையும் அவருடைய செருப்பில் குறித்துக் கொடுத்தோம். பெரியவரை அன்று மாலையே ஜீப்பில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விட்டு வந்தோம்.